மகள் இல்லை என்று எழுதிக் கொடுத்தவன்

பக்கோக்கு
2022, பிப்ரவரி 6

அன்பு மகள் நீலாருக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். எல்லைக்குக் கம்பளி வியாபாரத்துக்குப் போகும் அக்காவிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் கிழித்து ஆற்றில் போட்டுவிடு. உன் கூட இருக்கும் பெண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. தனியாகப் படிக்காதே.

இரண்டு மாதமாக உன் போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டிருந்தாயாம். போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். அது பாதிக் காரணம்தான். மீதியை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது நீ ராஜினாமாக் கடிதம்கூட எழுதாமல், அவர்களுக்குக் கீழே டீச்சர் வேலை பார்க்க மாட்டேன் என்று பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்றாய். நான் திட்டினேன். உன் அம்மா ஊரோடு சேர்ந்து, பேயை விரட்டுவதுபோல் அவர்களை விரட்ட, இரவு எட்டு மணிக்கு வாசலில் நின்று சோற்றுப்பானை நசுங்குமளவு தட்டினாள். மார்ச்சில் சுட ஆரம்பித்தார்கள். மே மாதம் உன் பெயர் தேடப்படுவோர் பட்டியலில் வந்தது, நீ கிளம்பிப் போனாய். ஜூலையில் கொரோனா வந்து, ஆக்சிஜன் உருளைக்கு வரிசையில் நின்ற இடத்திலேயே உன் சித்தப்பா போய்ச் சேர்ந்தார். இதெல்லாம் உனக்குத் தெரியும். டிசம்பரிலிருந்துதான் உனக்குத் தெரியாது.

டிசம்பர் பத்தாம் தேதி நாடு முழுக்கக் கடையடைத்து வீட்டுக்குள் இருந்தார்களே, அதற்கு இரண்டு நாள் கழித்து உன்னைத் தேடி வந்தார்கள். நீ இல்லை என்றதும் உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவளுடைய சர்க்கரை மாத்திரையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். ஒரு சிப்பாய் வாங்கிப் பார்த்துவிட்டுத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவளிடம் கொடுத்தானா, தெரியாது.

வார்டு தலைவர் மோ ச்சோவை உனக்கு நினைவிருக்கும். தேர்தல் சமயத்தில் நம் வீட்டு வாசலில் வந்து கைகூப்பியவர். இப்போது அவர்களுடைய ஆள். தினமும் போய் அவர் எதிரில் நின்றேன். பதினெட்டாம் நாள் எனக்கும் ஒரு கோப்பை தேநீர் சொன்னார்.

“பொண்ணா பொண்டாட்டியா, நீங்களே சொல்லுங்க பெரியவரே. ஊர்ல எல்லாரும் பேப்பர்ல போட்டுட்டாங்க. நீங்க கோர்ட்ல எழுதிக் கிழிச்சவர், உங்களுக்கா சொல்லித் தரணும்? போடலேன்னா வீட்டுக்கும் சீல் வெச்சிருவாங்க.”

முப்பத்தொரு வருடம் நீதிமன்ற எழுத்தராக இருந்தவன் நான். ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். ‘எங்கள் மகள் மா நீலார் தேட், பெற்றோர் சொல் கேளாமல் மன்னிக்க முடியாத செயல்களில் ஈடுபட்டதால், இன்று முதல் அவளை மகள் என்ற உறவிலிருந்து நிரந்தரமாக நீக்குகிறோம். அவள் தொடர்பான எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல.’ கீழே என் பெயர், உன் அம்மாவின் பெயர். அவளுக்கும் சேர்த்து நானே கையெழுத்துப் போட்டேன். நோட்டீஸ் வாங்கும் ஏஜெண்ட் படித்துப் பார்த்து, பிழையே இல்லை என்று பாராட்டினான். படம் சேர்க்கணுமா என்று கேட்டான். உன் பட்டமளிப்புப் படத்தை எடுத்துப் போயிருந்தேன். ஏன் எடுத்துப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் அம்மாவுக்காகத்தான் எழுதினேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. வீட்டுக்கும் பயந்தேன்.

ஜனவரி நான்கு, நம் நாட்டுச் சுதந்திர தினத்தன்று அவளை விட்டார்கள். இடது பாதத்தில் புண், பழைய துணியைச் சுற்றியிருந்தாள். குளிக்கத் தண்ணீர் வைத்தேன். அவள் முதலில் மேசைமேல் இருந்த பத்திரிகையை எடுத்தாள். அதை மறைத்து வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை பார். படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

“இருபத்திமூணு நாளும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. அவ உன் மகளான்னு. இல்லேன்னு ஒரு வார்த்தை சொன்னா வீட்டுக்குப் போலாம்னாங்க. நான் ஆமான்னேதான் சொன்னேன்.”

அதன்பிறகு என்னிடம் பேசவில்லை. தனியாக உலை வைத்துச் சமைத்துக்கொண்டாள். நான் கட்டுப்போட வந்தால் காலை இழுத்துக்கொள்வாள். பக்கத்து வீட்டுப் பெண் கட்டிவிட்டாள். புண் முழங்கால் வரை கறுத்தது. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர்கள் உன்னைப் போலவே வேலையை விட்டுப் போய்விட்டார்கள். பதினெட்டாம் தேதி ஒரு இளம் நர்ஸ் கட்டிலருகே நின்று படிவம் நிரப்பினாள். பிள்ளைகள் என்று கேட்டதற்கு, “ஒரு பொண்ணு, டீச்சர்” என்றாள் உன் அம்மா. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், சத்தமாகவே சொன்னாள். கணவர் என்று கேட்டாள் நர்ஸ். உன் அம்மாவின் காலடியில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

“இல்ல” என்றாள்.

மகளே, இருபதாம் தேதி விடிகாலை உன் அம்மா போய்விட்டாள்.

ஏழாம் நாள் பிக்குகளுக்கு அன்னமிட்டேன். வார்டு தலைவர் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். அன்னமிட்ட புண்ணியத்தை உறவுகள் பெயர் சொல்லி இறந்தவளுக்குப் பகிரும் நேரத்தில், யார் யார் பெயரால் என்று மூத்த பிக்கு கேட்டார். கணவன் பெயரால் என்றேன். பிள்ளைகள் என்று கேட்டார். பிள்ளைகள் இல்லை என்றேன்.  உனக்கு எழுத்தறிவித்தவரே அந்தப் பிக்குதான். எல்லாரும் கிளம்பும்போது மோ ச்சோ என் தோளைத் தட்டி, “நல்லபடியா முடிச்சீங்க பெரியவரே” என்று சொல்லிவிட்டு ஒரு பொட்டலம் இனிப்பும் கட்டி வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று நாளுக்கு முன்னால் வீட்டுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். வந்த அதிகாரியிடம் பத்திரிகையைக் காட்டினேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி நோட்டீஸுக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் இல்லை, கோர்ட்டில் வேலை பார்த்த உங்களுக்கு இதுகூடவா தெரியாது என்று கேட்டார். தெரியும், நீலார். எழுதும்போதே தெரியும்.

இப்போது மடத்தின் பின்கட்டில் படுத்துக்கொள்கிறேன். சோற்றுக்குக் குறையில்லை. என்னைப் பற்றிக் கவலைப்படாதே, வரவும் வராதே. நீ வந்து நிற்க வேண்டும் என்றுதான் அவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எல்லை ஆற்றுக்கு அப்பால் நீ இருக்கும் கரையில் ஒரு மடம் இருக்குமே, அங்கே ஒரு பிக்குவுக்காவது அன்னமிடு. மகள் நீலார் என்று உன் பெயரைச் சொல்லி, அம்மா டோ மியா ஸெயினுக்கு என்று மூன்று தடவை வாய்விட்டுப் புண்ணியம் கொடு. அவளுக்கு இன்னும் அது போய்ச் சேரவில்லை. என் பெயரை அதில் சேர்க்காதே. அவளுக்குப் பிடிக்காது.

எல்லா ஆபத்தும் உன்னை விட்டு விலகட்டும். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அப்பா