ஒரு கேள்விக்கு மட்டும் அனுமதி

பாய்,

நேற்று டூட்டி முடிந்து வரும்போது கிளினிக்குக்குப் பின்னால் இருக்கும் பள்ளிவாசலில் நோன்பு திறந்துகொண்டிருந்தார்கள். பெரிய தட்டில் நெய்ச்சோறு, சுற்றி நாலைந்து பேர். அந்த வாசனை ரோட்டைத் தாண்டி வந்து என்னை நிறுத்திவிட்டது. காயல்பட்டினத்தில் உங்களை அடக்கம் செய்துவிட்டதாக உங்கள் மகன் போனில் சொன்னபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை. நேற்று நடுரோட்டில் வந்தது. டாக்சிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

இங்கே ரூவியில் உங்கள் சூட்கேஸ் கடையின் பின்னறையில் வெள்ளிக்கிழமை மதியம் இப்படித்தான் ஒரே தட்டில் எல்லாரும் சாப்பிடுவீர்கள். எனக்கு மட்டும் தனிப் பிளேட். “சிஸ்டருக்குக் கறி கூட வைங்கப்பா, அவங்க மீன் தின்னே வளந்தவங்க” என்பீர்கள். சாப்பாட்டுக்கு அப்புறம்தான் நம்முடைய அந்தச் சம்பளமில்லாத வேலை தொடங்கும். உங்களுக்கு அரபி தண்ணீர்பட்ட பாடு. டாக்டர்களின் கிறுக்கலைப் படிக்க எனக்குத் தெரியும். வேலையில் அடிபட்டவன் எவனாவது மேல்முறையீட்டுக்குப் போகிறான் என்றால் நாம் இரண்டு பேரும் கூடப் போவோம். என் லீவு நாட்களில் பாதி லேபர் ஆபீஸ் வராந்தாவில்தான் போயிற்று. “உன் பாயோட கோர்ட்டுக்கு இன்னைக்கு நீ போகலியா?” என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அங்கே நின்றதை இப்போது நினைத்தாலும் கால் வலிக்கிறது.

உள்ளே போனால் நமக்கு என்ன உரிமை இருந்தது? தொழிலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு காகிதம். அதன்படி நீங்கள் அவன் பக்கத்தில் உட்காரலாம், அவன் சொன்னதை மொழிபெயர்க்கலாம், ரிப்போர்ட்டை எடுத்து நீட்டலாம். அவனுக்காகப் பதில் சொல்லக் கூடாது. “ஊருக்கெல்லாம் வக்காலத்து வாங்குறவன்னு பேரு, வாயத் தொறக்க உரிமை இல்ல” என்று நீங்களே சிரிப்பீர்கள்.

புயல் வந்து ரூவி ரோடெல்லாம் சேறாகிப்போன வருஷத்துக்கு அடுத்த வருஷம்தான் முருகேசன் வந்தான். அரியலூர்ப் பக்கத்துக்காரன். சாரத்துப் பலகை விழுந்து இடது தோள் போயிருந்தது. கை தொங்கிக்கொண்டிருந்ததே தவிர, விரல் ஒன்றும் அவன் சொன்னபடி கேட்கவில்லை. முதல் விசாரணைக்கு நம்மிடம் வராமல் தனியாகப் போயிருக்கிறான். அங்கே விசாரித்தவர் மரியாதையாக இந்தியில் “கைசா ஹை?” என்று கேட்டிருக்கிறார். இவன் தலையை ஆட்டி “அச்சா ஹை சார்” என்றிருக்கிறான். தொழிலாளியே சுகம் என்கிறான், வேலைக்கு ஏற்றவன் என்று எழுதிவிட்டார்கள். அதை மேல்முறையீட்டில் மாற்றவில்லை என்றால் சிகிச்சையும் இல்லை, நஷ்ட ஈடும் இல்லை, திரும்பவும் சாரத்தில் ஏற வேண்டும். ஒற்றைக் கையோடு.

“ஏம்ப்பா அப்படிச் சொன்னே?” என்று கேட்டீர்கள். “பெரியவங்க எப்படி இருக்கேன்னு கேக்குறப்ப, நல்லா இல்லைன்னு எப்படிங்க சொல்றது?” என்றான். அதில் தப்பு என்ன என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. நம் ஊரில் காய்ச்சலில் கிடப்பவன்கூட அப்படித்தான் சொல்வான்.

அந்த வெள்ளிக்கிழமை அவனைச் சாப்பிடக் கூப்பிட்டு உட்கார வைத்தீர்கள். தட்டில் கை வைக்காமல் இருந்தான். “எனக்குத் தனியா குடுத்துருங்க பாய்” என்றான். நான் கூச்சம் என்று நினைத்தேன். நீங்கள் ஒன்றும் கேட்காமல் வேறு பிளேட்டில் போட்டு நீட்டினீர்கள். ஆனால் அதற்குப் பிறகு அன்றைக்கு நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை.

மேல்முறையீட்டு அறை பாய், அந்த ஏசிக் குளிர் இன்னும் என் முதுகில் இருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, குறிப்பெழுத ஒரு கிளார்க். இந்தப் பக்கம் கம்பெனி ஆள், கூடவே தொழிலாளிகள் தங்கும் கேம்பை மேய்க்கிற கேம்ப் பாஸ். கேம்ப் பாஸ் நம் தமிழ் ஆள்தான். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் இருப்பதைச் சொல் என்று முருகேசனுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருந்தீர்கள். அதிகாரி நல்ல மனுஷன், அதுதான் வினையாயிற்று. எழுந்து நின்று கை கொடுத்தார். அரபிகள் வழக்கப்படி சுகம் கேட்டார், வீட்டாரைப் பற்றிக் கேட்டார். முருகேசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “நல்லா இருக்கேங்க சார், எல்லாரும் நல்லா இருக்காங்க.” அதை நீங்கள் அரபியில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது, கிளார்க்கின் பேனா ஓட ஆரம்பித்தது.

நீங்கள் எழுந்து கை தூக்கினீர்கள். விளக்கம் சொல்ல அனுமதி கேட்டீர்கள். உங்கள் காகிதத்தில் அதற்கு இடமில்லை என்றார் அதிகாரி. “அப்படியானால் இவனிடம் உங்கள் முன்னாலேயே நான் கேட்கிறேன், இவன் சொல்வதை அப்படியே அரபியில் தருகிறேன்” என்று அவரிடம் சொன்னீர்கள். அவர் ஒரு விரலைக் காட்டினார். ஒரு கேள்வி. அதோடு கலாஸ்.

நீங்கள் முருகேசன் பக்கம் திரும்பினீர்கள். குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள்.

“காலைல வெளிக்குப் போயிட்டு எந்தக் கையால கழுவுற?”

அவன் என்னைப் பார்த்தான். ஒரு பெண் இருக்கிறாளே என்று பார்த்தான். கேம்ப் பாஸைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்துச் சொன்னான்: “சோத்துக் கையாலதாங்க.”

அதை நீங்கள் அரபியில் சொன்னது ஒரே வரிதான். மேலே விளக்கம் தேவைப்படவில்லை. இடது கை எதற்கு, வலது கை எதற்கு என்பதில் அவர்களும் நம்மைப் போலத்தான். கிளார்க் எழுதுவதை நிறுத்தினான். இடது கை அசையும் ஒருவன் அப்படிச் செய்யமாட்டான் என்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதிகாரி முருகேசனின் முகத்தைப் பார்க்காமலேயே வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதினார். நாம் ஜெயித்துவிட்டோம்.

வராந்தாவில் வைத்து உங்களிடம் சண்டை போட்டேன். “எதுக்கு பாய் அப்பிடி கேட்டிய? வேற கேள்வியே இல்லியா?”

“ஒண்ணுதான்னு சொல்லிட்டாரே சிஸ்டர். வேற எதைக் கேட்டாலும் அவன் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவான்.”

நீங்கள் சொன்னது சரிதான். சரியாக இருந்ததில்தான் எனக்குக் கோபம். அன்று சாயங்காலத்துக்குள் கேம்ப் முழுக்கப் பேச்சாகிவிட்டது. அவன் ரூமில் அவனுக்குத் தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்கி வைத்தார்கள். ஒருவனும் அவன் கை பட்ட சோற்றைத் தொடவில்லை. கம்பெனி செலவில் சிகிச்சை நடந்தது, நஷ்ட ஈடும் வந்தது, ஊருக்கும் அனுப்பினார்கள். போகும்போது அவன் உங்கள் கடைக்கு எதிர்க்கடையில் சூட்கேஸ் வாங்கினான். நீங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “போகட்டும், என் முகத்த அவன் பாக்கணும்னு இல்ல” என்றீர்கள். அதற்கப்புறம் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அரியலூர்க்காரன் யார் கடைக்கு வந்தாலும் நீங்கள் விசாரித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு உங்களிடம் ஒரு பழக்கம் வந்தது. எந்தக் கேஸுக்கும் முந்தின நாளே அந்த ஆளை உட்கார வைத்து, “அங்கே எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது, நீ சொல்லு” என்று கேட்பீர்கள். காகிதத்தில் எழுதியிருக்கும் உரிமையைவிட அவன் வாயால் கொடுக்கிற உரிமைதான் உங்களுக்குப் பெரிதாகிவிட்டது. அதை நானும் பிடித்துக்கொண்டேன். இப்போது அரபி எனக்கும் ஓரளவு வரும், நானே போகிறேன்.

போன மாதம் ஒரு பெண்ணுக்காகப் போனேன். வீட்டு வேலைக்கு வந்தவள், தஞ்சாவூர்ப் பக்கம், முதுகில் அடி. எப்படி அடிபட்டது என்பதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும், “அது மட்டும் வேணாங்க்கா” என்றாள். அதைச் சொன்னால் அந்த நிமிஷமே ஜெயித்திருப்போம். அந்த அறையில் அது என் நாக்கு நுனி வரை வந்து நின்றது பாய். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோற்றோம்.

ஜெயிக்கிற வழி தெரிந்தும் பேசாமல் இருப்பதைப் போல ஆளை அலுக்கவைக்கிற வேலை வேறு இல்லை. நான் செய்தது சரியா என்று கேட்க உங்களை விட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது.

வெறும் கையோடுதான் ஊருக்குப் போனாள். ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டு விட்டேன். உள்ளே போகிற வரைக்கும் என் கையை விடவில்லை. போய்ச் சேர்ந்ததும் முதலில் என்னைத்தான் போனில் கூப்பிட்டாள்.