மந்திரித்த வண்டி

காட்டூர்,
ஞாயிறு.

ஜெஸ்லின் அப்பாவுக்கு இருதயமேரி எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? போனில் சொன்னால் உடனே உங்கள் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்பீர்கள். அவர் வேறு கதை சொல்வார். அதனால் நாளை மஸ்கட் திரும்பும் அன்வர் பாயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஜெஸ்லின் தில்லை நகரில் டியூஷன் சேர்ந்துவிட்டாள். அப்பா ஊரோடு வந்து லாரி ஓட்டப்போகிறார் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

அந்த லாரி பற்றித்தான் எழுத வேண்டும். ஏலத்தில் எடுத்த மிலிட்டரி வண்டி, முன்பு டிரெய்லர் இழுத்தது; அதனால் அடியில் இருக்கும் சேஸ் சட்டம் குட்டை. அதை அறுத்து, நடுவில் துண்டு சேர்த்து நீளமாக்கியிருக்கிறார் உங்கள் தம்பி. ஒட்டுப் போட்ட இடங்களில் உள்பக்கம் கனத்த தகடு வைத்து போல்ட் அடிக்கச் சொன்னீர்கள். அவரும் போட்டோ அனுப்பினார். அதில் பார்த்த தகடுகள் இப்போது வண்டியில் இல்லை. போட்டோவுக்காகக் கிளாம்ப் போட்டு நிறுத்தி, எடுத்தவுடன் கழற்றி, பக்கத்தில் நின்ற வேறொருவர் லாரியில் மாட்டிவிட்டார்கள். நம் ஒட்டின் மேல் வெறும் பட்டிப் பசை பூசிக் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். பட்டறைக்கு டீ கொண்டுபோன நான் கண்ணால் பார்த்தேன். அண்ணனிடம் சொல்லாதீங்க என்று உங்கள் தம்பி சிரித்துக்கொண்டே டம்ளருக்குக் கை நீட்டினார். டீயைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஸ்ரீரங்கம் வரை ஓட்டிப் பார்த்தார்கள். பாரமே ஏற்றவில்லை. திரும்பி வந்தபோது பட்டியில் மயிரிழை போல விரிசல் விட்டிருந்தது. அதன் மேலும் பெயிண்ட் அடித்தார்கள். டிரைவர் இளவரசன், மிலிட்டரி வண்டி அக்கா, குண்டு விழுந்தாலும் அசையாது என்றான். குண்டுக்கு அசையாததைத்தான் நடுவில் அறுத்துவிட்டீர்களே என்றேன்.

இன்று பூசை முடிந்து ஃபாதர் தீர்த்தம் தெளித்து வண்டியை மந்திரிக்க வந்தார். எல்லோரும் மாலை போட்ட முன்பக்கம் கூடி நின்றார்கள். நான் மட்டும் நடுப்பக்கம் போய், ஃபாதர், இங்கேயும் தெளிங்க என்றேன். ஒட்டைப் பார்க்கக் குனிந்தவர் நிமிர நேரமானது. தெளித்துவிட்டு, தகடு போட்டு ஓட்டுங்கள் என்று மட்டும் சொன்னார். அவர் போனதும் உங்கள் தம்பி,

"மந்திரிச்சாச்சுல்ல அண்ணி, இனிமே ஒண்ணும் ஆகாது" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டபின்தான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

புதன்கிழமை பச்சைமலைக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றப் போக வேண்டுமாம். அங்கே பஸ் குறைவு. மூட்டைக்கு மேலே பெண்களும் பிள்ளைகளும் ஏறித்தான் மலை இறங்குவார்கள். உங்களுக்கும் தெரியும்.

வண்டிச் சாவி மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது, நான்தான் வைத்தேன். தம்பி உங்களிடம் அழுவார். கொடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீங்களே வந்து, வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பார்த்த பிறகும் இப்படியே ஓட்டுவேன் என்று நீங்கள் சொன்னால் பக்கத்து சீட்டில் நானும் ஏறிக்கொள்கிறேன். ஜெஸ்லினை யாரிடம் விடுவது என்பதையும் அப்போது நீங்களே சொல்லுங்கள்.

மாதா உங்களை முழுசாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
மேரி