தம்பி வந்து சொல்லட்டும்

1961 பெப்ரவரி 6, திங்கள்

விடியுமுன் கஞ்சித் தண்ணீரை வடிகட்டி, ஆற வைத்து, அம்மா மூக்கில் இருக்கும் ரப்பர் குழாயில் புனலைச் செருகி ஊற்றினேன். குழாயை மடக்கிக் கட்டினேன். பிறகு அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கு. வழியெல்லாம் பனி. காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பிந்திவிட்டது. கங்காணி கேட்கிறான், "என்னா வடிவு, ஒங்க லயத்துல மட்டும் சூரியன் லேட்டா?"

வாயைத் திறந்திருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

பொங்கலுக்கு மறுநாள் மலையில் கொழுந்துக் கூடையோடு விழுந்தவள் அம்மா. வலது பக்கம் விளங்காமல் போனது. பேச்சில்லை, விழுங்க வராது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் சொன்னது இவ்வளவுதான்: இனி எழும்ப மாட்டாங்க, குழாய் இருக்கிறவரை இருப்பாங்க, எடுத்தா சில நாள். கட்டில் வேறு நோயாளிக்கு வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

யாரிடமும் கத்த முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

பெப்ரவரி 9, வியாழன்

பிள்ளைக்காம்பரா ஆயா மார்கிரட் அக்கா இல்லாவிட்டால் என் வேலை போயிருக்கும். நான் மலையில் இருக்கும்போது தொட்டில்களுக்கு நடுவே பாய் போட்டு அம்மாவைப் படுக்க வைத்து, பகல் கஞ்சியை அவளே ஊற்றுகிறாள். தோட்டத்துத் தொரைக்குத் தெரியாது. "இதுவும் ஒரு புள்ளதான் வடிவு. என்னா, இது அழுவாது" என்கிறாள்.

அழுதாலாவது என்ன வேண்டும் என்று தெரியும்.

பெப்ரவரி 12, ஞாயிறு

தம்பி சின்னராசா வந்தான். நுவரெலியாவில் ஹோட்டல் வேலை, கையில் ஒரு பை தோடம்பழம். ஏன்டா, மூக்கு வழியாகவா சுளை போகும்? அம்மா காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் வாசலில் நின்று, "மகன்னா இவன்" என்றார்கள். நாலு மணி பஸ்ஸுக்கு ஓடிவிட்டான்.

பீத்துணியை அலசிப் போட்டுவிட்டு ஒரு பழத்தை உரித்துத் தின்றேன். புளிப்பு.

பெப்ரவரி 15, புதன்

கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி பக்கத்து லயத்துப் பூரணி கத்தினாள்.

"பிள்ளைக்காம்பராவுல எம்புள்ளைக்குக் குடுக்குற பால ஒங்கம்மா மூக்குல ஊத்துறீங்களாம்ல?"

"நீ புள்ளத்தாச்சியா மூச்சு வாங்கி நின்னப்ப ஒங்கூடையில கொழுந்து அள்ளிப் போட்டு நிறுவை காட்டுனது யாருடி? அந்த மூக்குக்காரிதான்."

"போட்டாங்க. இல்லன்னா சொல்றேன்? அதுக்கு எம்புள்ள பட்டினி கெடக்கணுமா?"

மார்கிரட் அக்காவிடம் ஓடினேன், பொய் என்று அவள் வாயால் கேட்க. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சட்டியில ஒட்டுன மிச்சம்தான் வடிவு. கழுவி ஊத்துறதத்தான்..."

பூரணியின் பிள்ளை நோஞ்சான். அவள் கேட்டதில் என்ன தப்பு? அதுதான் ஆத்திரம். யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

இனி அம்மாவை அங்கே கொண்டுபோக முடியாது.

பெப்ரவரி 18, சனி

வேலைக்குப் போகவில்லை. தோட்டத்து டிஸ்பென்சர் லியனார்ட் ஐயா குழாயை மாற்ற வந்தார். சனிக்கிழமைதோறும் வருவார். தலையை நான் பிடிக்க வேண்டும். புதுக் குழாய் இறங்கும்போது அம்மா இடது கையால் என் கையைப் பிராண்டுவாள். கண் என் மேலேயே இருக்கும். இன்று மூக்குப் புண்ணிலிருந்து சீழ் வந்தது.

முடிந்ததும் சொல்லிவிட்டேன். "போதும் ஐயா. அடுத்த வாட்டி வைக்காதீங்க. அவங்களே வேணாம்ங்கிறாங்க, என் கையப் பாருங்க."

அவர் கை கழுவிக்கொண்டே, "நீ பொம்பள, மனசு ஒடஞ்சி பேசுற. ஒன் தம்பி வந்து சொல்லட்டும்" என்றார்.

தம்பி வந்து சொல்லட்டும். ஊத்துறது நான், அலசுறது நான், பிராண்டல் வாங்குறது நான். சொல்றதுக்கு மட்டும் தம்பி.

பெப்ரவரி 19, ஞாயிறு

வந்தான். சொன்னேன். குதித்தான். "அம்மாவ பட்டினி போட்டுக் கொல்லச் சொல்றியா? நான் இருக்கிறவரைக்கும் கஞ்சி போவணும்."

"ஊத்துறது நீயா?"

"வேலைய விட்டுட்டு வரச் சொல்றியாக்கா?"

ஆமாம், எனக்குத்தான் வேலை இல்லையே.

பெப்ரவரி 22, புதன்

பனி. கஞ்சி. துணி காயவில்லை.

பெப்ரவரி 26, ஞாயிறு

சனிக்கிழமை வேண்டாம், ஞாயிறு வாருங்கள் என்று ஐயாவிடம் நான்தான் கேட்டிருந்தேன். தம்பி இருக்கும்போது வரட்டும் என்று. பழைய குழாயை எடுத்ததும் தம்பியிடம், "தலையப் புடி" என்றேன்.

"நானா?"

"மகன்தானே."

பிடித்தான். குழாய் இறங்கத் தொடங்கியதும் அம்மா அவன் கையைப் பிராண்டினாள். அவனையே பார்த்தாள். அவ்வளவுதான், தலையை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிப்போய் ஓங்கரித்தான். "வேணாம் ஐயா. எடுத்துடுங்க. வேணாம்."

ஐயா உடனே குழாயை இழுத்துத் தட்டில் போட்டார். நான் சொன்னால் பொம்பளை, மனசு ஒடஞ்சவ. இவன் ஒரு வார்த்தை—

"வைங்க" என்றேன். "நான் சொல்லி எடுக்கல, இவன் சொல்லி எடுக்கக் கூடாது. திரும்ப வைங்க."

சும்மா சொல்லவில்லை. அவர் குழாயைத் திரும்ப வைக்க வந்திருந்தால் நான் தலையைப் பிடித்திருப்பேன். அம்மாவுக்கு மூக்கு ரத்தம் வாய்க்கு வழிகிறது, நான் தம்பியோடு வழக்குப் பேசுகிறேன்.

ஐயா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என் முன்னால் குந்தினார். "சரி வடிவு. என் தப்புதான். ஒன்னையத்தான் கேக்குறேன். வைக்கவா, வேணாமா?"

என்னைக் கேட்கவில்லை கேட்கவில்லை என்று எரிந்துகொண்டிருந்தேன். இப்போது கேட்டுவிட்டார். சொன்னால் அம்மா செத்துப்போவாள். என் வாயால். முந்தானையால் ரத்தத்தைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன். அம்மா கை என் முழங்காலில் கிடந்தது.

"வேணாம்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

மார்ச் 1, புதன்

பஞ்சை நனைத்து உதட்டில் வைக்கிறேன். தம்பி ஹோட்டலுக்குத் திரும்பவில்லை. துணி துவைக்கிறான். பிழியத் தெரியவில்லை, திட்டினேன். பூரணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அம்மா காலைப் பிடித்துவிட்டுப் போனாள்.

மார்ச் 3, வெள்ளி

விடியற்காலையில் அம்மா போய்விட்டாள்.

மார்ச் 7, செவ்வாய்

சாவுக்கு வந்த அம்மாவின் தம்பி மாயாண்டி மாமா இன்று வட்டவளைக்குக் கிளம்பினார். கிளம்புமுன் சின்னராசாவைக் கேட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"கொழாய எடுக்கச் சொன்னது யாருடா?"

"நான்தான் மாமா."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான். தெரியும். மகன் சொன்னால் சனம் ஒத்துக்கொள்ளும், மகள் சொன்னால் கொலைகாரி என்னும். அதுவும் தெரியும். இருந்தாலும் இதையுமா இவனுக்குக் கொடுப்பது?

"இல்ல மாமா. இவன் சொன்னத நான் தடுத்தேன். அதுக்கப்புறம் வேணாம்னு சொன்னது நான்."

மாமா நான் கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். சமாதானம் சொல்லத் தம்பி பின்னாலேயே ஓடினான்.

நான் போகவில்லை. தேத்தண்ணி ஆறுமுன் எடுத்து நானே குடித்தேன்.