இன்னும் மூடாத ஓட்டை

என் அருமை அண்ணா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் இப்போதும் கை எழுதப் போகிறது. நீ போய் நாலு வருஷம் ஆகிறது. வளவனூர் ஐயாவின் சிவப்பு வண்டி நம்ம டிங்கர் ஷெட்டுக்குத் திரும்ப வந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உனக்கு எழுதினாலும் ஊரும் படிக்கட்டும். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

விழுப்புரம் ஜங்ஷனுக்குக் கரண்ட் ரயில் வந்துவிட்டது. ஷெட்டில் ஈரப் பெயிண்ட் மேல் ரயில் இன்ஜின் கரி படிகிறது என்று எத்தனை நாள் தலையில் அடித்துக்கொண்டாய்! இப்போது கரி பாதியாகக் குறைந்துவிட்டது. திட்டுவதற்கு நீ இல்லாமல் ஷெட் வெறிச்சென்று கிடக்கிறது.

அந்த வண்டி முதல் தடவை வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ரெண்டாவது உலகச் சண்டை முடிந்த பிறகு அமெரிக்காவில் யாரோ கொஞ்ச நாள் செய்து நிறுத்திவிட்ட ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு, கூரை கிடையாது. பாண்டிச்சேரியில் இருந்த வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது ஐயாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. கோலியனூர்கிட்டே கரும்பு ஏற்றிய மாட்டுவண்டியில் மோதி, முன்பக்கம் பிளந்து வந்து நின்றது. நீதான் பேரெடுத்த டிங்கர் ஆயிற்றே, சுத்தியலை எடுத்து ஒரு தட்டுத் தட்டினாய். அப்பளம் மாதிரி நொறுங்கியது. “இன்னா இது, தகரமே இல்லியே!” என்று நீ முழித்த முழியில், நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தேன்.

“சிரிக்காத பச்சை. வந்து பாரு, இது துணி. உன் வேல” என்றாய். உடைந்த விளிம்பில் கண்ணாடி நூல் பிசிறு பிசிறாக நின்றது. மெட்ராஸிலிருந்து அந்தக் கண்ணாடித் துணியும், அதை ஒட்டுகிற ரெசினும் ரயில் பார்சலில் வரவழைத்தாய். ரவிக்கைக் கைக்குழிக்குப் போடுவது போல ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுப் போட்டால், வளைவில் துணி சுருங்காமல் படியும் என்று கண்டுபிடித்தவள் நான். என் நல்ல கத்தரிக்கோல் மொக்கையானது அதில்தான். கையெல்லாம் அரிப்பு. தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு ரெண்டு பேரும் சொறிந்துகொண்டே சாப்பிடுவோம். நாம் சந்தோஷமாக இருந்த நாள் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. வண்டி முடிந்து, சிவப்புப் பெயிண்ட் மினுங்க நின்றது. நீ மாலை வாங்கக் கடைக்குப் போயிருந்தாய். குங்குமம் வைத்தேன். லாரிகளுக்குச் செய்கிற மாதிரியே பானெட் மேல் வெற்றிலை வைத்து, அதன்மேல் பெரிய கட்டியாகக் கற்பூரம் வைத்து ஏற்றினேன். இத்தனை வருஷமாக அப்படித்தானே செய்தோம்? தகரத்தில் கரி பிடிக்கும், துடைத்தால் போய்விடும். இது தகரமில்லை என்பது, என் கையாலேயே துணி ஒட்டிய எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. வெற்றிலை சுருண்டது, பெயிண்ட் பற்றிக்கொண்டது. நீ ஓடி வந்து மண்ணை வாரிப் போட்டு அணைப்பதற்குள் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது.

நீ முதலில் என் கையைத்தான் பிடித்துப் பார்த்தாய். அப்புறம் பெயிண்ட் கரைக்கிற தின்னரை எடுத்து, ஓட்டையைச் சுற்றியிருந்த குங்குமத்தை அழுத்தித் துடைத்தாய். “வெள்ளிக்கெழம திண்டிவனத்துக்காரங்க பூ வெக்க வராங்க. பூஜையில வண்டியக் கொளுத்துன பொண்ணுன்னு தெரிஞ்சா வருவாங்களா? நீ வாயத் தொறக்காத. வெல்டிங் பண்ணிக்கினு இருந்தேன், பத்திக்கிச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்.”

ரெண்டு பேருக்குமே அது தோன்றவில்லை, பார். ஐயா வந்ததும் கேட்ட முதல் கேள்வியே அதுதான். “ஆயுத பூஜ அன்னிக்கு எவனாவது ஆயுதத்தத் தொடுவானாய்யா? குடிச்சிருந்தியா?” குடிக்கவில்லை என்றால் உண்மையைச் சொல்ல வேண்டிவரும். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். ஓட்டையோடு வண்டியை இழுத்துக்கொண்டு போனார். வளவனூரிலிருந்து விழுப்புரம் வரைக்கும் நீ குடிகாரன் என்று ஆகிப்போனது.

வெள்ளிக்கிழமை பூ வரவில்லை. குடிகாரன் வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று திண்டிவனத்திலிருந்து ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாமே, அண்ணா? சம்பந்தமே போன பிறகு எதற்கு மறைத்தோம்? நான் பேச்சை எடுத்தபோதெல்லாம் “வேற எடம் வரும், சும்மா இரு” என்று அடக்கினாய். வேறு இடமும் வரவில்லை, கார் வேலையும் வரவில்லை. கரும்பு லாரிகளுக்கு மட்கார்டு தட்டியே உன் நாள் கழிந்தது.

கடைசியில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. துக்கம் கேட்க வந்தவர்களே “குடிச்சா ஈரல் இன்னாத்துக்கு ஆவும்?” என்று என் காதுபடப் பேசினார்கள். ஒரு சொட்டு தொட்டதில்லை நீ. கோலி சோடா குடித்தாலே தும்முவாய். நான் உன் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் ஐயாவே வந்தார். வண்டிக்குள் கோழி முட்டை வைத்திருந்தது. மெட்ராஸில் இதைத் தொட யாரும் ஒத்துக்கொள்ளவில்லையாம். “அன்னிக்குத் துணி ஒட்டுனது நீதானேம்மா? நீயே பண்ணு. ஆயுத பூஜைக்கு எடுத்துக்கினு போறேன். உங்கண்ணன் மாதிரி குடிச்சிட்டு...” என்றவர், “சரி வுடு, செத்தவனப் பத்தி இன்னாத்துக்கு” என்று நிறுத்திக்கொண்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சரிங்க ஐயா” என்றேன்.

பின்பக்க விரிசல், கதவு ஓரம், மூக்கு, எல்லாம் ஒட்டித் தேய்த்துவிட்டேன். அந்த ஓட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. துணி வெட்டித் தயாராக வைத்திருக்கிறேன். ஆனால் உண்மையைச் சொல்லாமல் அதை மூட எனக்குக் கை வரவில்லை.

பயமாகத்தான் இருக்கிறது. ஐயா வண்டியைத் திரும்ப இழுத்துக்கொண்டு போய்விடலாம். ஷெட்டுக்கு இருக்கிற ஒரே வேலை அதுதான். அண்ணனைப் பழிக்கு விட்டு வேடிக்கை பார்த்தவள் என்று ஊர் பேசும். பேசட்டும், அதில் பொய் என்ன இருக்கிறது?

இந்த ஆயுத பூஜை அன்று ஐயா வரும்போது, இந்தக் கடிதம் ஷெட் கதவில் ஒட்டியிருக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே படித்துச் சொல்வேன். கற்பூரம் தரையில், தட்டில்தான் எரியும். துணியை மறுநாள்தான் தொடுவேன், அதுவும் ஐயா விட்டால். அதற்கு முன்னால், நீ துடைத்த குங்குமத்தை அந்த ஓட்டையைச் சுற்றி, எல்லாரும் பார்க்க, என் கையால் திரும்ப வைப்பேன். இது சத்தியம், அண்ணா.

கற்பூரம் ஏற்றிய
உன் தங்கச்சி,
பச்சையம்மா