நாங்கள் ரேகை வைத்த வாய்க்கால்

ஐப்பசி 9, செவ்வாய்

கடலூர் ஜில்லாவே தண்ணீரில் மிதந்ததே, அந்த மழை வடிந்து பிறந்த தை மாதம். எங்கள் ஜாடிக் கம்பெனியில் கிழக்குச் சூளையின் புகைக்கூண்டு சாய்ந்ததும் அந்தத் தையில்தான். பழைய ஐந்நூறு ரூபாய் செல்லாமல் போனது அதற்குப் பின் வந்த ஐப்பசி. வருஷத்தை எண்ணாகக் கேட்டால் எனக்குத் தெரியாது. அந்தத் தையில் எங்கள் தெருவுக்கு மழைநீர் வாய்க்கால் கேட்டு ஐந்து பேர் மனுவில் ரேகை வைத்தோம். அது தெரியும்.

இன்று காலையிலிருந்து தூறல். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர்.

நான் சொல்கிறேன், மருமகள் கஸ்தூரி எழுதுகிறாள். மளிகைக் கடையில் கொடுத்த டைரி, சும்மா கிடந்தது. காரணம்: கிராம சபையில் இவள் எழுந்து வாய்க்கால் கேட்டாள். ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டுச் சொன்னார்களாம்: "உங்க தெருவுக்குக் கால்வா கட்டி முடிச்சாச்சும்மா. இருக்கிற கால்வாய்க்கு மறுபடி எப்பிடிம்மா கால்வா போடுறது?"

கூட்டம் சிரித்தது. இவள் உட்காரவில்லை. தகவல் கேட்டு எழுதிப் போட்டாள், ஜில்லாவுக்கும் எழுதினாள். வரும் திங்கள் விசாரணைக்கு ஆள் வருகிறார்கள்.

"எல்லாத்தையும் இப்பவே சொல்லிடுங்க மாமா. அங்க வந்து மறந்துட்டேன்னு நிக்கக் கூடாது."

மறப்பதா. நானா.

ஐப்பசி 10, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

ரேஷன் கடை. மெஷினில் கட்டைவிரல் விழவில்லை. மூன்று தடவை துடைத்து வைத்தும் சிவப்பு விளக்குதான். ஜாடிக் கம்பெனியில் நாற்பது வருஷம் களிமண் தேய்த்த விரல், ரேகை எங்கே இருக்கும். கண்ணைக் காட்டி அரிசி வாங்கினேன்.

பின்னால் நின்ற தனபால்: "மச்சான், உன் வெரலுக்கு நீயே ஆளு இல்லேங்குது கெவர்மெண்டு."

கடைக்காரி உட்பட எல்லோரும் சிரிப்பு. நானும்.

தனபால் பேர் அடிக்கடி வரும், 'த.' என்று போடு என்றேன் கஸ்தூரியிடம். எதிர் வீடு. கம்பெனியில் எங்கள் கூட்டத்தில் எட்டாவது படித்த ஒரே ஆள். தபால், கோர்ட் நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு, பெண்ணுக்கு வந்த ஜாதகம், எல்லாம் அவன் வாயால்தான் எங்கள் காதுக்கு வரும். என் தம்பி செத்த தந்தியை அவன்தான் படித்தான். படிக்கும் முன் என்னை உட்காரச் சொன்னான். இன்றைக்கும் காலையில் டீக்கடையில் பேப்பர் படித்துச் சொல்வது அவன்தான்.

எங்கள் தெருவில் இருப்பவை, மேற்கிலிருந்து: உடைந்த ஜாடிக் குவியல். கோவிந்தன் வீடு, பூட்டு. அஞ்சலை வீடு, பூட்டு. எங்கள் வீடு. எதிரே த. வீடு. அவன் வாசலில் மட்டும் இருபதடி சிமெண்ட் வாய்க்கால். இரண்டு முனையும் மண்ணில் முட்டி நிற்கும். அதோடு வேலை நின்றது. மிச்சம் வரும் என்றார் காண்ட்ராக்டர். பத்து வருஷமாக வருகிறது.

ஐப்பசி 12, வெள்ளி

நல்ல மழை. அடுப்படி வரை தண்ணீர். அரிசி மூட்டை கட்டில் மேல்.

கஸ்தூரி கேட்டிருந்த வாய்க்கால் காகிதத்தின் நகல் மத்தியானம் தபாலில் வந்தது. கஸ்தூரி படித்தாள்:

'எங்கள் தெருவில் மழைநீர் வாய்க்கால் முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்டது. தண்ணீர் தேங்குவதில்லை. பொதுமக்களாகிய எங்களுக்கு முழுத் திருப்தி.' கூடவே ஒரு போட்டோ. த. வீட்டு வாசல், அந்த இருபதடி. கீழே ஐந்து ரேகை.

பொய்க் காகிதம் என்றேன். யாரோ விரலை வைத்திருக்கிறார்கள் என்றேன். கிட்டே வாங்கிப் பார்த்தேன்.

படிக்கத் தெரியாது. விரல் தெரியும். கம்பெனியில் ஒவ்வொரு ஜாடிக்கும் பச்சை மண்ணாக இருக்கும்போதே அடியில் அவரவர் கட்டைவிரலை அழுத்திவிடுவோம். யார் செய்தது என்று மேஸ்திரி கண்டுகொள்ள. சூளையிலிருந்து வந்த ஜாடியைக் கவிழ்த்தாலே பேர் சொல்வேன். முதல் ரேகை கோவிந்தன், அகலம், இடது பக்கம் சரிவு. அடுத்து அஞ்சலை, சின்னது. நாராயணன், நுனி இல்லை, மெஷின் தின்றது. முத்தாயி. கடைசியில் வழவழ மை, நடுவே குறுக்கு வெட்டு. சூளைக் கதவு சுட்ட தழும்பு.

என்னுடையது.

அந்த நாளைச் சொல்கிறேன். தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்பு. வேப்பமரத்தடி. காண்ட்ராக்டர் ஜீப்பிலிருந்து த. இறங்கி வந்தான். கையில் காகிதம், மை டப்பா. படித்தான்: "ஐயா, மழை பேஞ்சா எங்க தெருவுல தண்ணி நிக்குது. பொம்பளைங்க, வயசானவங்க நடக்க முடியல. கால்வா கட்டித் தரணும்னு தாழ்மையோட கேட்டுக்கிறோம்." படிக்கும்போது குரல்கூட இறங்கியது. அஞ்சலை கண்ணைத் துடைத்தாள்.

முத்தாயி சொன்னாள், "பாம்பு வருதுன்னு போடலியே, அதையும் போடுண்ணே." அவன் பேனா எடுத்துக் கீழே எழுதினான். "போட்டாச்சு." அப்புறம் ரேகை.

பாம்பு எங்கே என்று பார்க்கச் சொன்னேன்.

கஸ்தூரி வெகு நேரம் பார்த்தாள். "கீழ பேனாவுல என்னமோ இருக்குது மாமா. எழுத்து இல்ல. சும்மா வளைச்சு வளைச்சு இழுத்திருக்குது."

ரேகை வைத்தால் 'இது என் கை வேலை' என்று அர்த்தம். ஜாடிக்கு அதுதான். அதனால்தான் யோசிக்காமல் வைத்தோம். யாரும் செய்யாத வேலைக்கு.

அஞ்சலை போன வருஷ மழையில் இந்தத் தெருவில்தான் வழுக்கினாள். இடுப்பு. இருபது நாள் கிடந்தாள். பாடையின் முன்பக்கம் த. தூக்கினான்.

ஐப்பசி 13, சனி

மேகமூட்டம். டீக்கடைக்குப் போகவில்லை.

பத்து மணிக்கு அவனே வந்தான். தூக்கில் டீ.

"இன்னா மச்சான், ஒடம்பு சரியில்லியா?"

"சளி."

"திங்கக்கெழம விசாரணையாமே."

"ஆமா."

டீயை ஆற்றினான். ஆற்றிக்கொண்டே இருந்தான். "நான் ஒண்ணு சொல்றேன் கேளு. அந்தக் காயிதத்துல இருக்கிறது உன் ரேக இல்லேன்னு சொல்லிடு. மெஷினுக்கே உன் ரேக தெரியல, எவன் நிரூபிப்பான்? காயிதம் பொய்யின்னு ஆயிடும். கால்வாயும் வந்துடும். ஆருக்கும் பொல்லாப்பு இல்ல."

காகிதம் வந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. கஸ்தூரியும் சொல்லவில்லை. கிராம சபையில் இவள் பேசியது வாய்க்காலைப் பற்றி மட்டும்.

"எந்தக் காயிதம்யா?" என்றேன்.

தூக்கை எடுத்துக்கொண்டு போனான். மூடி இங்கேயே கிடக்கிறது.

சாயங்காலம் கஸ்தூரி அடுப்படியில் தண்ணீரை வாரிக்கொண்டே சொன்னாள். "அவரு சொல்றதும் நெசந்தான மாமா. இல்லேன்னு ஒரு வார்த்த சொன்னா கால்வா வந்துடும். இன்னும் எத்தன வருசத்துக்கு வாரிக் கொட்டறது?"

இதை எழுத வேண்டாம் என்றாள். எழுது என்றேன்.

ஐப்பசி 14, ஞாயிறு

வெயில். மூட்டையை இறக்கியாச்சு. தூக்கு மூடியைக் கழுவி எதிர் வீட்டுப் படியில் வைத்தாள் கஸ்தூரி. கதவு திறக்கவில்லை.

நாள் முழுக்க ஒரே கணக்கு. ரேகை என்னுடையது இல்லை என்றால் அஞ்சலையுடையதும் இல்லை. கோவிந்தனுடையதும் இல்லை. நாங்கள் மரத்தடியில் நின்றது, முத்தாயி பாம்பைச் சொன்னது, எதுவும் இல்லை. வாய்க்கால் வேண்டுமானால் வரும். நாங்கள் கேட்டதே பொய்யாகிவிடும்.

ஐப்பசி 15, திங்கள்

தூறல். வெள்ளை வேட்டி. சமுதாயக் கூடம். மின்விசிறி ஓடவில்லை. தெருவே வந்திருந்தது. த. கடைசி வரிசை, தூண் மறைவில். காண்ட்ராக்டர் வரவில்லை, நெஞ்சு வலி என்று சீட்டு அனுப்பியிருந்தார்.

விசாரிக்க வந்தது ஒரு அம்மா. வயது நாற்பது இருக்கும். செருப்பெல்லாம் சேறு. நேரே தெருவுக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தார். அது பிடித்தது.

"பெரியவரே, இது உங்க ரேகையா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இல்லேன்னா இல்லேன்னு எழுதிக்கிறேன். என் வேலையும் சுலபம்."

கஸ்தூரி என்னைப் பார்த்தாள்.

"என்னுதுதாம்மா."

கூடத்தில் சலசலப்பு. யாரோ ஒரு பெண், "கெழவன் கெடுத்துச்சு காரியத்த."

"அப்ப கால்வா கட்டினதுக்கு நீங்க சாட்சியா?"

"கால்வா கேட்டதுக்கு சாட்சிம்மா. கேக்குற மனுன்னுதான் எங்களுக்குப் படிச்சுக் காட்டினது." படித்ததை அப்படியே ஒப்பித்தேன், ஒரு சொல் விடாமல். அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

"கீழ என்னமோ கிறுக்கியிருக்குதே, இது என்ன?"

"பாம்பு வருதுன்னும்மா."

சிரிக்கப்போனவர் சிரிக்கவில்லை. கிறுக்கலை மறுபடி பார்த்தார்.

"படிச்சப்ப கூட இருந்தவங்க யாராவது வந்து சொல்வாங்களா?"

சொன்னேன். கோவிந்தன், நெஞ்சில் மண் தூசி அடைத்து, செல்லாத நோட்டு மாற்ற பேங்க் வாசலில் கூட்டம் நின்ற மாதம். நாராயணன், கொரோனா, முகம்கூடக் காட்டவில்லை. முத்தாயி, கருவேப்பிலங்குறிச்சியில் மகள் வீட்டில், போன பங்குனி. அஞ்சலை, இதே தெருவில் வழுக்கி.

"ஒருத்தர்கூட இல்லையா?"

"என்னைத் தவிர ஒருத்தர் உயிரோட இருக்காரும்மா. படிச்சுக் காட்டினவரு."

தூண் பக்கம் இருமல். நான் திரும்பவில்லை.

"பேரு சொல்லுங்க."

இந்த இடத்தில் கஸ்தூரி பேனாவைத் தூக்கிக்கொண்டு கேட்கிறாள், 'த.'ன்னு போட்டா போதுமா மாமா. போதாது. முழுசாகப் போடு.

தனபால்.