மலையில் நீ சொன்ன வாக்கு

மார்க்கையன்கோட்டை
28.12.2006

அன்புத் தம்பி விஜயகுமாருக்கு,

அக்கா பாண்டீஸ்வரி எழுதுவது. அம்மாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. திராட்சை பழுக்கத் தொடங்கியிருக்கிறது, மழை மட்டும் வராமல் இருக்க வேண்டும். பெங்களூரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாய், நானும் சிரித்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

ஐப்பசியில் உன் ஆபீஸ் நண்பர்களோடு மேகமலை ஏறினாயே, அந்தப் பேச்சுதான். நீங்களே கற்பனை பண்ணிய ஒரு பழைய ராஜ்ஜியம், அதற்கொரு படை, நீ தளபதி. வாளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடந்தீர்கள். கழுதை வயதாகியும் இதென்ன விளையாட்டு என்று கேலி பண்ணிக்கொண்டே என் சிவப்புப் பட்டுச்சேலையை உனக்குக் கச்சையாக வரிந்து கட்டிவிட்டது நான்தான். நெற்றி நிறையக் குங்குமம் வைத்ததும் நான்தான்.

எஸ்டேட் குடியிருப்புப் பக்கம் ஒரு பெண் உன்னைக் கருப்பசாமி என்று நினைத்துக் காலில் விழுந்தாள் என்றும், காணாமல் போன புருஷன் எப்போது வருவான் என்று கேட்டாள் என்றும் இறங்கி வந்து சொன்னாய். நண்பர்கள் பார்க்கிறார்கள் என்ற குஷியில் வாளை ஓங்கி, "தை பொறக்கும் முன்ன தானா வருவான், போ" என்றாயாம். நடித்தும் காட்டினாய். அம்மா புரையேறச் சிரித்தாள். நான் அதற்கு மேல் சிரித்தேன்.

அவள் பெயர் கருத்தம்மாள். போன வாரம் சின்னமனூரில் நான் நர்ஸாக இருக்கும் கிளினிக்குக்குக் காய்ச்சலோடு வந்தாள். புருஷன் சுருளியாண்டி கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போனவன், சித்திரையிலிருந்து ஆளைக் காணோம். லீவு நாளெல்லாம் ஜீப் ஏறிப்போய், போட்டோவைக் காட்டித் தோட்டம் தோட்டமாகத் தேடியிருக்கிறாள். கட்டப்பனையில் ஓர் ஆஸ்பத்திரியில் பேர் ஊர் சொல்லத் தெரியாமல் ஒருவன் கிடக்கிறான், பார்த்தால் உன் புருஷன் மாதிரி இருக்கிறது என்று கார்த்திகையில் தகவலும் வந்திருக்கிறது. இவள் போகவில்லை.

ஏன் என்று கேட்டேன். "சாமியே வாளும் கையுமா வந்து சொல்லிட்டுப் போனாக நர்சம்மா. அதுக்குப் பெறகும் தேடிப்போனா சாமி வாக்க நம்பலன்னு ஆயிரும்ல?" என்றாள். முகத்தில் அவ்வளவு நிம்மதி. வீட்டுக்குச் சுண்ணாம்பு கூட அடித்துவிட்டாளாம்.

அது என் தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. போட்டோவைக் கொடு, நான் போய்ப் பார்க்கிறேன் என்றேன். தெய்வக்குத்தம் ஆகிவிடும் என்று மறுத்துவிட்டாள். உன் மானத்தைக் காப்பாற்றினேன் என்று நினைக்காதே. என் மானத்தைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது தம்பி. அன்றிலிருந்து கிளினிக்கில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

உன் மச்சானிடம் சொன்னேன். "அவனையே அந்த வேசத்துல போயி, தேடிப்போன்னு சொல்லச் சொல்லு. சாமி சொன்னா கேட்டுக்கிருவா" என்றார். எனக்கும் ஒரு நிமிஷம் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அப்படிப் பட்டதை நினைத்தால் இப்போது கூசுகிறது. இன்னொரு தடவை அவளை உன் காலில் விழ விடமாட்டேன்.

வாள் வேண்டாம், பேண்ட் சட்டையோடு வா. ஆள் நீதான் என்று அவளிடம் சொல். திட்டினால் கேட்டுக்கொள், செருப்பைக் கழற்றினாலும் நகராமல் நில். பிறகு மூன்று பேருமாகக் கட்டப்பனைக்குப் போவோம். அங்கே கிடப்பவன் சுருளியாண்டியா, இன்னும் கிடக்கிறானா, எதுவும் தெரியாது. பொங்கல் லீவு வரட்டும் என்று மட்டும் இருந்துவிடாதே.

நேற்று மறுபடி மாத்திரைக்கு வந்தாள். பெங்களூரிலிருந்து என் தம்பி வருவான், உன்னைப் பார்க்கக் கூட்டி வருகிறேன் என்றேன். எதற்கு என்று கூடக் கேட்கவில்லை. "என்னையப் பாக்க அம்புட்டுத் தூரத்துலருந்தா வாராக? அந்தப் பிள்ள நூறு வயசு நல்லாருக்கணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். நீ உண்மையைச் சொன்ன பிறகும் அவள் அதைச் சொன்னால், அப்போது அது உனக்கு.

சீக்கிரம் வா, சாமி.

உன் அக்கா,
பாண்டீஸ்வரி