திமிங்கலம் பார்க்கக் கொச்சிக்கு

ஏப்ரல் 27, ஞாயிறு

மகிமாவுக்கு லீவு விட்டு இரண்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் ஹால் சுவரில் இன்னொரு திமிங்கலம் வரைந்து ஒட்டிவிட்டாள். மூன்றாம் வகுப்பில் பாடமாக வந்ததிலிருந்து இதே பைத்தியம்தான்.

மதியம் சாப்பிடும்போது இவராகவே சொன்னார். "அடுத்த மாசம் கொச்சிக்குப் போறோம். அங்கன இருந்து போட்டுல கடலுக்குள்ள போயி நெசத் திமிங்கலமே பாக்கப் போறோம்." பிள்ளை சோற்றுக் கையோடு அப்பா கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் தேக்கடியில் படகில் ஏற மாட்டேன் என்று கரையிலேயே உட்கார்ந்திருந்த மனுஷன் இவர். பூச்சிமருந்துக் கடையை ஒரு நாளும் பூட்டாதவர். திடீரென்று என்ன வந்தது?

சரி, பிள்ளைக்காக மாறியிருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம்.

ஏப்ரல் 30

ஓடைப்பட்டியிலிருந்து தங்கப்பாண்டியன் வந்திருந்தார். திராட்சைத் தரகர், இவருடைய கடைக்கு வந்து போகிறவர். கொச்சியில் படகுக்காரரைத் தெரியுமாம், ஏற்பாடெல்லாம் அவருடையதுதானாம்.

காபி குடிக்கிற நேரம் முழுக்க எந்தக் கார், எத்தனை மணிக்குக் கிளம்புவது, குமுளி செக்போஸ்டில் எப்போது கூட்டம் என்றே பேசினார். திமிங்கலம் என்ற சொல்லே வாயில் வரவில்லை. போகும்போது மகிமாவைப் பார்த்துக்கொண்டே என்னிடம், "பிள்ளைய முன்சீட்டுல உக்கார வையி தங்கச்சி. குடும்பமாப் போறாகன்னு செக்போஸ்ட்ல சும்மா விட்டுருவாக" என்றார்.

"நம்மகிட்ட என்னண்ணே இருக்கு, பிடிச்சு வைக்க?" என்றேன்.

அவர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

மே 3

மகிமா பள்ளிக்கூடத்துச் சுகிர்தம் டீச்சரைச் சின்னமனூர் மார்க்கெட்டில் பார்த்தேன். ஆறு வருஷம் கொச்சியில் இருந்தவர். விஷயத்தைச் சொன்னதும் யோசித்தார். "அங்கன டால்பின் காட்டுவாக நதியா. திமிங்கலம் காட்டக் கூட்டிட்டுப் போறாகன்னு நான் கேள்விப்பட்டதே இல்ல. எந்தப் போட்டு?"

வந்து இவரிடம் கேட்டேன். "அதெல்லாம் அங்கன போயிப் பாத்துக்கலாம்."

பேர்கூடவா தெரியாது என்றேன். மொட்டை மாடிக்கு போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மே 5

இன்றும் படகின் பெயர் தெரியவில்லை.

மே 9

தேனியிலிருந்து மகிமாவுக்கு ஒரு பை வாங்கி வந்திருக்கிறார். நீலநிறம், முன்பக்கம் திமிங்கலப் படம். அவள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குகிறாள்.

இந்த வாரமே போகலாமே, வெயில் தாங்கவில்லை என்றேன். வீரபாண்டித் திருவிழா முடியட்டும், இப்போது ரோடெல்லாம் போலீசு என்றார். கடல் பார்க்கப் போகிறவனுக்குப் போலீசு இருந்தால் என்ன? கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் ஏதோ ஒன்று உடைந்துவிடும் போல இருக்கிறது. அது என்னவென்றும் தெரியவில்லை.

மே 14

வீட்டுக்குள் ஒரு வாடை. மாட்டுத்தொழுவமும் பழைய மரப்பெட்டியும் கலந்த மாதிரி. எலி எதுவும் செத்துக் கிடக்கிறதோ என்று கட்டிலுக்கு அடியெல்லாம் பெருக்கிப் பார்த்தேன்.

சனிக்கிழமை விடியக் கிளம்புகிறோம். பிள்ளையின் துணியை அடுக்கப் போனால், "அவ பையை நானே அடுக்கிட்டேன், நீ தொட வேண்டாம்" என்கிறார். தன் பனியனைக்கூட மடித்து வைக்காதவர்.

மே 15

எழுதித்தான் ஆக வேண்டும்.

இவர் கடைக்குப் போனதும் மகிமா பையை மாட்டிக்கொண்டு வந்து, "அம்மா, ரொம்பக் கனமா இருக்கு" என்றாள். அவளை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு எடுத்து வந்து திறந்தேன். மேலே அவள் பாவாடை, துண்டு, குளிக்கிற கவுன். அடியில் பாலித்தீன் சுற்றிச் சுற்றி ஒரு கட்டி. சாம்பல் நிறம். நகத்தால் கீறினால் மெழுகு மாதிரி வருகிறது. அதே வாடை.

பேப்பரில் படம் பார்த்திருக்கிறேன். அம்பர்கிரிஸ். திமிங்கலத்தின் வயிற்றிலிருந்து வருவது, செண்ட் செய்யக் கோடிக்கணக்கில் விலை போவது. வைத்திருந்தாலே ஜெயில்.

மதியம் சாப்பிட வந்தவரிடம் கேட்டேன். மறைக்கவில்லை. தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்ததாம், கொச்சியில் ஒருத்தரிடம் கொடுத்துவிட்டால் முடிந்ததாம். ஒரே ஒரு தடவையாம்.

"பிள்ளை பையிலயா வைப்பீக?"

"சின்னப் பிள்ளை பையை யாரு தொறந்து பாப்பாக?"

எவ்வளவு நிதானமாகச் சொன்னார்! யோசித்து வைத்திருந்த பதில் அது. அப்ப அந்தத் திமிங்கலம், போட்டு, எல்லாமே? பிள்ளை ஆசைப்பட்டது இவருக்குத் தோதாப் போச்சா?

நான் வரமாட்டேன், மகிமாவும் வரமாட்டாள் என்றேன். "நீ வரலேன்னா இரு. பிள்ளையை நான் கூட்டிட்டுப் போவேன்" என்றார். எடுத்துப் போனால் நானே வனத்துறைக்குச் சொல்லிவிடுவேன் என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீ செய்ய மாட்ட."

செய்ய மாட்டேனா?

மே 16

காலையில் தேவாரத்துக்கு, அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன், மகிமாவோடு. அண்ணியைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுகிறோம் என்று சொன்னதை நம்பி, பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

கர்ணன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தது. பிறகு, "மாப்பிள்ளையைக் காட்டிக்குடுத்தா நீ எங்கன போயி வாழுவ?" என்றது. "பிள்ளை இங்கனயே இருக்கட்டும். அவரு எப்படியும் போகட்டும், விடு."

விட்டால் என்ன ஆகும்? இந்தத் தடவை தப்பித்தால் அடுத்த லீவுக்கு வேறொரு ஊர், வேறொரு பை. மகிமா எத்தனை செக்போஸ்டில் முன்சீட்டில் உட்காருவாள்?

கொல்லைப்புறம் போய் நின்று வனத்துறைக்குப் பேசினேன். என் பேரைக் கேட்டார்கள். சொல்லவில்லை. கடையின் பேரைச் சொன்னேன். பையின் நிறத்தைச் சொன்னேன்.

மூன்று மணிக்கு மேல் பக்கத்துக் கடைக்காரர் பேசினார். கடையில் வைத்துப் பிடித்துவிட்டார்களாம். பையும் அங்கேதான் இருந்ததாம். "உங்களுக்கு எதுவும் தெரியுமாம்மா?"

தெரியாது என்றேன்.

மே 17

இன்று கொச்சியில் இருந்திருக்க வேண்டும். மகிமா காலையிலிருந்து சாப்பிடவில்லை.

மே 29

பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூடம் திறந்தால் மற்ற பிள்ளைகள் சொல்லத்தான் போகிறார்கள். அதற்கு முன்னால் என் வாயால் கேட்கட்டும். பையில் இருந்ததையும் சொன்னேன், போன் செய்தது யார் என்பதையும் சொன்னேன். அழவில்லை. "அப்பாவுக்குத் திமிங்கலம் பிடிக்கவே பிடிக்காதாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 6

தேனி ஜெயிலில் போய்ப் பார்த்தேன். இளைத்துவிட்டார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்றார், நான் எப்படி இருக்கிறேன் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தத் தங்கப்பாண்டியன்தான் காட்டிக் குடுத்துட்டான். அவன் மட்டும் மாட்டலை பாத்தியா? நான் வெளிய வரட்டும்" என்றார்.

நான் என்று ஒரு நொடிகூட அவருக்குத் தோன்றவில்லை.

ஜூன் 19

ஜாமீன் கிடைத்தது. தினமும் வனச்சரக அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்குச் சமைத்துப் போட நான் மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீட்டுக்கே வந்திருக்கிறேன். மகிமா தேவாரத்திலேயே இருக்கிறாள், அண்ணன் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டது. என்னையும் போகாதே என்றது.

ஜூன் 23

எனக்குத் தெரியாத இரண்டு பேர் நேற்றும் இன்றும் வந்தார்கள். தங்கப்பாண்டியன் ஊரில் இல்லை, வீட்டில் பொம்பளைகள் மட்டும்தான் என்றார்கள். இவர் தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் கிளம்பும்போது இவர் சொன்னது அடுப்படிக்குக் கேட்டது:

"அவனுக்கும் ஒரு பொம்பளப் பிள்ளை இருக்குல்ல? எந்த ஸ்கூலு?"

பிள்ளை பையைப் பற்றிச் சொன்ன அதே நிதானம்.

ஜூன் 24

இன்று காலை அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன். "தங்கப்பாண்டியன் இல்ல. போன் பண்ணது நான்."

அடி விழும் என்றுதான் நினைத்தேன்.

"மகிமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் சொன்னேன்."

"பையில வச்சதையுமா?"

"அதையுந்தான்."

எழுந்துபோய்க் கை கழுவினார். குழாயை மூடாமல் நின்றார். பிறகு அந்த ஆட்களுக்குப் பேசி, ஓடைப்பட்டிப் பக்கம் யாரும் போக வேண்டாம், காட்டிக்கொடுத்தது அவன் இல்லை என்றார். யார் என்று கேட்டிருப்பார்கள் போல. பதில் சொல்லாமல் வைத்துவிட்டார்.

சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர், என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "நான் கையெழுத்துப் போட்டுட்டு வர்றதுக்குள்ள தேவாரம் போயிரு நதியா. திரும்பி வர்றப்ப நீ இங்கன இருந்தா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியல."

தேவாரம் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.